கற்றபின் பங்கேற்பா, பங்கேற்றுக் கற்பதா? கல்முனைக் கரையோரத்திலிருந்து ஒரு விசாரணை

1. கேள்வி

படித்தவர்கள் பெருகினால் மக்களாட்சி தானாகச் செழிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தேர்தல் முடிவு பிடிக்காதபோது ‘சனங்களுக்கு விளங்கவில்லை’ என்று சலித்துக்கொள்பவரும், அபிவிருத்தித் திட்டம் தோற்றதும் ‘மக்களை விழிப்பூட்ட வேண்டும்’ என்று அறிக்கை எழுதுபவரும் ஒரே வரிசையைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்: முதலில் கற்றல், பிறகு பங்கேற்பு. உலகமயம் தொழிலையும் தகவலையும் ஓயாமல் மாற்றுகிறது. ஆகவே பள்ளிக்கூடத்தை விட்ட பின்னரும் கற்க வேண்டும். கற்றவர்தான் பொது விடயங்களில் அறிவோடு தலையிடுவார். வாழ்நாள் கற்றல் பற்றிய சர்வதேச ஆவணங்களில் பெரும்பாலானவை இதையே வெவ்வேறு சொற்களில் கூறுகின்றன.

இந்த வரிசை சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. களம், அம்பாறை மாவட்டத்தின் கரையோரம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களும், இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும், சற்று உள்ளே சம்மாந்துறையும் சேர்ந்த நிலப்பகுதி இது. வயல், கடல், மருதமுனையின் நெசவு, கடைத்தெரு, வளைகுடா நாட்டு வேலை ஆகியவை பிழைப்பு. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டபோது கச்சேரி அம்பாறை நகரில் அமைந்தது. தமிழ் பேசும் கரையோரத்தார், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அந்த நகருக்கே மாவட்ட அலுவல்களுக்குப் போய்வருகிறார்கள். கச்சேரியிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்கள் பற்றிய முறைப்பாடு இங்கு ஒரு தலைமுறையைத் தாண்டியது.

மேற்சொன்ன வரிசை பல சந்தர்ப்பங்களில் தலைகீழானது என்பது என் வாதம். ஒரு தீர்மானத்தில் தமக்குக் கை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் மக்கள் எவரும் கேட்காமலே கற்றுக்கொள்கிறார்கள். கை எட்டாத இடத்தில் கற்பித்தாலும் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் காலம் கடந்து ஒட்டுகிறது. இதற்கு ஆதரவான சான்றுகளோடு, இதைச் சங்கடப்படுத்தும் சான்றுகளும் இதே கரையில் உள்ளன.

2. கருத்து வந்த வழி

1972இல் யுனெஸ்கோவுக்காக எட்கார் ஃபோர் தலைமையிலான குழு தந்த அறிக்கை, கல்வியை ஆயுள் முழுவதற்கும் உரிய மனித உரிமையாகப் பார்த்தது. 1996இல் ஜாக் டெலோர் தலைமையிலான ஆணைக்குழு அறிதல், செய்தல், சேர்ந்து வாழ்தல், தானாக இருத்தல் என நான்கு தூண்களை நட்டது. அதே 1996இல் செல்வந்த நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி. ‘அனைவருக்கும் வாழ்நாள் கற்றல்’ என்று பேசத் தொடங்கியபோது அழுத்தம் தொழிற்சந்தைப் பக்கம் சாய்ந்தது. மறு வருடம் ஹம்பேர்க்கில் கூடிய வளர்ந்தோர் கல்வி மாநாடு குடியுரிமையையும் பங்கேற்பையும் மீண்டும் முன்னால் கொண்டுவந்தது. ஆனாலும் அரசாங்கங்களின் பணம் போன திசை வேறு.

இலங்கையிலும் அப்படித்தான். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. 1990இல் தொழிற்கல்விக்கான சட்டம் வந்தது. பின்னர் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமைச் சட்டகம் வந்தது. சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னிணைப்போ குளிரூட்டிப் பழுதோ கற்று, மட்டம் மூன்று அல்லது நான்கு சான்றிதழோடு தோஹாவுக்கு விமானம் ஏறும் இளைஞனுக்கு இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துப் பேச முடியாது. அவனது சம்பளத்தில்தான் இங்கே பல வீடுகளுக்குக் கூரை ஏறியது. ஆனால் வாழ்நாள் கற்றல் என்றாலே ஏற்றுமதியாகும் உழைப்புக்கு மெருகு ஏற்றுவது என்ற பொருள் நிலைத்துவிட்டது. புறப்படுமுன் தரப்படும் பயிற்சியில் எசமானின் வீட்டு உபகரணங்களை இயக்கக் கற்பிக்கிறார்கள். எசமானோடு பேரம் பேசவோ, இங்கிருக்கும் அரசைக் கேள்வி கேட்கவோ கற்பிப்பதில்லை.

எதிர்த் திசையில் ஒரு பழைய சிந்தனை மரபு உண்டு. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1861இலேயே, பொதுப் பொறுப்பை ஏற்பதுதான் குடிமகனுக்குக் கிடைக்கும் சிறந்த படிப்பு என்ற கருத்தை முன்வைத்தார். கரோல் பேற்மன் 1970இல் அதைப் பங்கேற்பு மக்களாட்சிக் கோட்பாடாக விரித்தார். இருவரும் தொழிற்சாலை, நகரசபை முதலிய அமைப்புகளையே உதாரணம் காட்டினர். நெல்வயலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அது செல்லுமா என்று அவர்கள் பார்த்ததில்லை.

3. வாக்கு முந்தியது, பள்ளிக்கூடம் பிந்தியது

நம் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது, அடிக்கடி மறந்துபோகிறோம். டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறிவில்லாதவருக்கு வாக்கா என்று அன்றைய தலைவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்தவர்களில் ஒருவர். கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை தந்தது 1943இல். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945இல். வாக்குப் பெற்ற ஏழைகளிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய நிலைதான் பள்ளிக்கூடங்களைக் கட்ட வைத்தது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வரிசை தெளிவு.

பிரேசிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். பவுலோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் தொழிலாளருக்கு எழுத்தறிவு புகட்டியபோது, அந்த நாட்டில் எழுத்தறியாதவருக்கு வாக்கில்லை. அந்தத் தடை நீங்கியது 1985இல்தான். எழுத்தே வாக்குக்கு வாசல் என்ற நிலையில் ‘முதலில் கற்றல்’ என்பது அங்கே சட்டத்தின் நிர்ப்பந்தம். ஃப்ரெய்ரேயைப் படித்துவிட்டு அந்த வரிசையை அப்படியே இங்கே கொண்டுவந்த நம் தன்னார்வ நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கரையோரத்தில் வாக்குக்கும் முந்திய கற்றல் மரபொன்றும் இருந்தது. ஓதுப்பள்ளியில் குர்ஆனோடு அறபுத்தமிழ் எழுத்தையும் வாசிக்கப் பழகிய பெண்கள், தமிழ் அரிச்சுவடி தெரியாமலே தமிழ் நூல்களை வாசித்தார்கள். ஆனால் பாடசாலைப் படிப்பு வேறு கதை. 1942இல் போர்க்கால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அந்தப் பின்னடைவை நேரில் கண்டார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் அக்காலத்ததே. 1945இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு விதை விழுந்தது இங்கேதான். கல்முனை ஸாஹிறாக் கல்லூரி 1949இல் தோன்றியது. வாக்கு கையில் வந்து 18 வருடத்துக்குப் பிறகு!

4. வாய்க்கால் ஓரத்து வகுப்பறை

வாதத்துக்கு வலுவான சான்று கல்லோயாவில் கிடைக்கிறது. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரைக் கொண்டு 1949 தொடக்கம் உருவான குடியேற்றத் திட்டம், இம்மாவட்டத்தின் இன விகிதத்தையே மாற்றியது. 1956இல் அங்கே வன்செயலும் வெடித்தது. அதன் இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் இறுதியில் சீர்குலைந்து கிடந்தன. தலைப்பில் இருப்பவர் நீரைத் தேக்க, கடைக்கோடி வயல் வெடிக்கும். தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைக்கோடியில் தமிழ் பேசுவோர். நீர்த் தகராறு இனத் தகராறாக மாற ஒரு தீக்குச்சி போதும் என்ற நிலை.

கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981இல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக இந்த வாய்க்கால் ஊர்களில் குடியிருக்க அனுப்பின. அவர்கள் செய்ததில் முக்கியமானது, செய்யாமல் விட்டதுதான். வகுப்பெடுக்கவில்லை, சங்க யாப்பு எழுதவில்லை, தலைவர், செயலாளர் தெரிவில் தொடங்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்திருபது பேரை ஒன்றாக உட்காரவைத்து, இந்தப் போகத்தில் எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டார்கள். முதலில் விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். பிறகு முறைவைத்து நீர் விட்டார்கள். அதன் பிறகே பிரதிநிதியைத் தெரிந்தார்கள், அதுவும் ஏகமனதாக. வயல் வாய்க்கால் குழுக்களிலிருந்து கிளை வாய்க்கால் அமைப்புகளும், அவற்றிலிருந்து திட்ட மட்டக் குழுவும் வளர்ந்தன. அந்த வருடம் குளத்தில் நீர் குறைவு. அப்படியிருந்தும் தலைப்பு விவசாயிகள் நீரை மிச்சப்படுத்திக் கடைக்கோடிக்கு அனுப்பினார்கள். வன்முறையால் நாடு கிழிபட்ட 1980களிலும் அந்த ஏற்பாடு முழுதாகக் குலையவில்லை. 1997 சிறுபோகத்தில் இருந்த நீர் மிகச் சிறு பரப்புக்கே போதும் என்று அதிகாரிகள் கணக்கிட்டபோது, விவசாயிகள் பகிர்ந்து பாய்ச்சிப் பெரும் பரப்பில் விளைவித்துக் காட்டினார்கள். நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூலுக்கு ‘கல்லோயாவிடமிருந்து கற்றல்’ என்பதே தலைப்பு. உலகின் பல நாடுகளில் அதைப் படிக்கிறார்கள். கல்முனைக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை.

இதை வெறும் வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் பேசுவது பெரும்பாலும் இடதுகரையைப் பற்றியே. வெளிநாட்டுப் பணத்தோடு வந்த திட்டம் என்பதும் மெய். ஆனால் அதன் உள்விசை இன்றும் கரையோர வயல்களில் இயங்கக் காணலாம். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தைப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி நீர், முதல் நீர் எந்தத் திகதியில் திறப்பது, கடைசி நீர் எப்போது, விதைப்பு எந்த நாளோடு முடிய வேண்டும், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எந்தத் திகதிக்குள் வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது, மீறினால் தண்டம் எவ்வளவு. இவை அங்கே தீர்மானமாகின்றன. தீர்மானம் சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆகவே நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஓர் எண்ணைச் சொன்னால், ‘ஐயா, போன வருஷமும் இதே அடிதான் இருந்தது, பத்து நாள் பிந்தித்தானே பூட்டினீங்க’ என்று பின்வரிசையிலிருந்து குரல் எழும். நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைக்கு ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஒரு கூட்டம். கத்தல், சிரிப்பு, கடைசியில் ஒரு திகதி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவர் அங்கே மழைவீழ்ச்சி, கொள்ளளவு, பயிர்க்காலம் மூன்றையும் ஒருசேரக் கணக்கிட்டு வாதாடுகிறார். அவருக்கு எவரும் அதைப் பாடமாக எடுக்கவில்லை. அந்தத் திகதியில் அவருடைய நெல் தங்கியிருக்கிறது. அவருடைய குரலுக்கும் அங்கே பெறுமதி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தபோது கற்றல் நிகழ்ந்தது.

5. ஒலுவிலில் காலம் கடந்து வந்த பாடம்

அதே மாவட்டத்தில், வயலிலிருந்து கடலுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. ஒலுவிலில் இரண்டு பெரிய நிறுவனங்கள் எழுந்தன. வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கல்வியைத் தொடர முடியாதுபோன முஸ்லிம் மாணவருக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒன்று. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் மற்றது. இரண்டுக்கும் பின்னால், கப்பல்துறை, துறைமுகங்கள் அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு இருந்தது. அவர் 2000 செப்டெம்பரில் மறைந்தார். கனவு நடந்தது, கணக்குத் தவறியது.

கிழக்குக் கரையில் வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கடலுக்குள் கல்லணை நீண்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். அதுதான் நடந்தது. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர் கரையையும் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணிகளை ஏற்றி வைக்க மணல் இல்லாமல் போயிற்று. மறுபுறம் மீன்பிடித் துறையின் வாயில் மணல் அடைத்து, படகுகள் நுழைய முடியாது நின்றன. கரைவலை இழுப்பவருக்கு எந்தக் காற்றில் மணல் எப்பக்கம் போகும் என்பது அன்றாடத் தொழிலறிவு. கச்சான் வீசும் மாதங்களில் கரை எப்படி இருக்கும், வாடைக்கு எப்படி மாறும் என்பதை அவர்கள் படம்போல் சொல்வார்கள். அந்த அறிவு திட்டத்தின் மேசைக்கு ஏறவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைமீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அலைச் சக்தியும் படிவுப் பெயர்ச்சியும் பேசும் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு மீனவர் சங்கம் 30 நாளில் எப்படி வாசிக்கும்? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரியோடு எண்ணுக்கு எண் மல்லுக்கட்டும் அதே சமூகம்தான் இதுவும், அறிவுத்திறன் குறைந்துவிடவில்லை. அங்கே ஒவ்வொரு போகமும் தீர்மானிக்கும் தருணம் திரும்பி வருகிறது, இங்கே ஒரே ஒரு முறை வந்து கடந்துவிட்டது. அரிப்புத் தொடங்கிய பிறகு ஒலுவில் இளைஞர்கள் அலைதடுப்பு, மணல் நிரப்பல், நிலத்தோற்றப் படங்கள் என்று கற்றார்கள்; தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அரிப்பை அளந்து எழுதினார்கள். போராட்டங்கள் நடந்தன. பாடம் முழுமையாகக் கற்கப்பட்டது; கற்றதைப் பிரயோகிக்கத் தீர்மானம் எதுவும் மீதமிருக்கவில்லை.

டென்மார்க்கைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. வளர்ந்த விவசாயிகளைக் குடிமக்களாக்கிய மக்கள் உயர்பள்ளிகள் 1844இல் பிறந்த நாடு அது; வளர்ந்தோர் கல்வி வரலாறு எழுதுவோர் பலரும் அப்பள்ளிகளுக்குக் கருத்துத் தந்த குருண்ட்விக் பெயரோடு தொடங்குவார்கள். அங்கிருந்து நமக்கு வந்தது கல்லணை.

6. செயலமர்வுக் காலம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளில் தெருக்களே காணாமல் போயின. உலகம் உதவிக்கு ஓடிவந்தது. கூடவே செயலமர்வுகள் வந்தன: தலைமைத்துவம், வலுவூட்டல், சமாதானம், நுண்கடன். மதியச் சோற்றுப் பார்சலும் போக்குவரத்துக் கொடுப்பனவும் தந்த அந்தக் கூட்டங்களைக் கேலி செய்வது எளிது. அவற்றில் சில பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே பேசக் கிடைத்த முதல் மேடை என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பெரிய தீர்மானங்கள் வேறெங்கோ நடந்தன. அதிகம் இழந்தவர்களில் முஸ்லிம்கள் இருந்தும், 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட, ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் அவர்கள் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை; அந்த ஒப்பந்தத்தையும் அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள், யாருக்குரியவை என்ற வழக்கில் சிக்கி வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வலுவூட்டல் வகுப்பில் கைதட்டியவர், தன் பெயரில் ஒதுக்கிய வீட்டின் கதவைத் திறக்க முடியாமல் நின்றார்.

7. வாதத்தைச் சங்கடப்படுத்தும் சான்று

பங்கேற்பு கற்பிக்கும் என்றால், அது எதைக் கற்பிக்கும்? இங்கேதான் என் வாதம் நெருக்கடிக்குள்ளாகிறது. 1987க்கு முன் கல்முனையில் ஒரு பட்டின சபையும், கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு எனக் கிராம சபைகளும் இருந்தன. அவை இணைக்கப்பட்டன; இணைந்த சபை 2001இல் கல்முனை மாநகர சபையானது. தனக்கெனத் தனிச் சபை வேண்டும் என்ற சாய்ந்தமருதின் கோரிக்கை 2017இல் வீதிக்கு வந்தது. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசல் தலைமையிலான சுயேச்சைக் குழு அவ்வூர் வட்டாரங்களைப் பெரும் கட்சிகளிடமிருந்து பறித்தது. 2020 பெப்ரவரி 14இல் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வந்தது. சில நாட்களில் நிறுத்தப்பட்டது. மறுபக்கம், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருக்க, முஸ்லிம் தரப்பு சத்தியாக்கிரகம் இருந்தது.

இந்த வருடங்களில் கல்முனைத் தொகுதியில் தேநீர்க் கடை வரை பரவிய அறிவு வியக்கத்தக்கது. புதிய கலப்புத் தேர்தல் முறையில் வட்டார வெற்றி எப்படி, பட்டியல் ஆசனம் எப்படி என்று அரசறிவியல் மாணவனைவிடத் தெளிவாகச் சாதாரண வாக்காளர் விளக்கினார். 1987க்கு முந்திய எல்லை வரைபடங்கள் கைபேசிகளில் சுற்றின. வர்த்தமானி இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் உண்டு. மில்லின் கருத்துக்கு இதைவிட நல்ல நிரூபணம் வேண்டுமா?

வேண்டும். எல்லையைப் பற்றிக் கற்றவர்கள், எல்லைக்கு அப்பால் இருப்பவரின் அச்சத்தைப் பற்றி எதுவும் கற்கவில்லை. கல்முனைத் தமிழரின் நிர்வாகக் கவலையும், சாய்ந்தமருது முஸ்லிமின் நிர்வாகக் கவலையும் ஒன்றையொன்று நகலெடுத்தவை போலிருந்தும், இரு தரப்பும் ஒரே மேசையில் வரைபடத்தை விரித்துப் பார்த்ததில்லை. பள்ளிவாசல் ஒரு குரலில் பேசியபோது, ஊருக்குள் மாற்றுக்கருத்துக்கொண்டவர் மெதுவாகத்தான் பேச முடிந்தது. கல்லோயாவில் தலைப்பு விவசாயியும் கடைக்கோடி விவசாயியும் ஒரே நீரைப் பங்கிட வேண்டியிருந்ததால் மற்றவரின் கணக்கையும் கற்றார்கள். எல்லைப் பிரச்சினையில் பங்கிட எதுவும் இல்லை. வெல்வதும் தோற்பதுமே உண்டு. ஆகவே என் வாதத்துக்கு ஒரு திருத்தம் தேவை: தீர்மானிக்கும் வாய்ப்பு மட்டும் போதாது. எதிர்த் தரப்போடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அந்த அரங்கிலேயே இருக்க வேண்டும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததும் இதையே காட்டுகிறது. முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பிறகு சோதித்தபோது அது மாவுக்கட்டி. எழுத்தறிவு தொண்ணூறு வீதத்தைத் தாண்டிய நாடு இது. வாசிக்கத் தெரியாததால் அந்த வதந்தி பரவவில்லை. வதந்தியைக் கேட்டவர், ‘அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்ப்போம்’ என்று அழைக்கக்கூடிய உறவுகள், சேர்ந்து பணி செய்யும் அரங்குகளில் மட்டுமே உருவாகின்றன. கல்முனைக்கு அப்படியோர் அரங்கு இலக்கியத்தில் இருந்தது. பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான் எனத் தமிழரும் முஸ்லிமும் ஒரே கவிதைக் களத்தில் முரண்பட்டும் உறவாடியும் வளர்ந்த காலம் அது. நுஃமான் தமிழாக்கிய பலஸ்தீனக் கவிதைகள் 1981இல் வெளிவந்தபோது உலகமயம் என்ற சொல்லே இங்கு புழங்கவில்லை.

8. கூட்டத்துக்கு வராதவர்கள்

இதுவரை ‘மக்கள்’ என்று எழுதிவந்தேன். தீர்மானம் எடுத்த கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள்.

இந்தக் கரையின் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடி முறையைப் பேணுபவர்கள். டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மகளுக்கு வீடு சீதனமாகப் போகும். மருமகன் அங்கே குடிவருவான். வயல் உறுதியும் பல குடும்பங்களில் பெண் பெயரில் இருக்கும். சட்டப்படி காணிச் சொந்தக்காரி அவள். நீர் திறக்கும் திகதியைப் பேசப் போவது கணவனோ தம்பியோ. குடிக்கு ஒருவராக மரைக்காயர்மார் அமரும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஆண்களுடையதே. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிபதியாகப் பெண் அமர முடியாது. இந்தச் சட்டத்தின் திருத்தத்துக்காகக் குரல் கொடுத்த பெண்கள், ஆலிம்களோடு வாதாடும் அளவுக்கு ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டவியலும் நாட்டுச் சட்டமும் கற்றார்கள். தேவை அவர்களை வாசிக்க வைத்தது. அரங்கு இன்னும் திறக்கவில்லை.

அரங்கு திறந்த ஒரே இடம் உள்ளூராட்சி. 2016, 2017 திருத்தங்களால் வந்த 25 வீத ஒதுக்கீடு 2018இல் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் உள்ளூராட்சியில் 2 வீதத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்த பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்றவர்கள் அல்ல, கட்சியின் மேலதிகப் பட்டியலில் வந்தவர்கள். ஆகவே கட்சிக்குக் கடமைப்பட்டவர்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் ‘ஒன்றும் தெரியாதவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்’ என்ற ஏளனத்துக்குப் பதில் 1931இலேயே கிடைத்துவிட்டது.

கடல் கடந்த வாக்காளருக்கு அதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டம் இடம் தரவில்லை. ஊரின் வருமானத்தில் பெரும் பங்கை அனுப்பும் ஒருவர், ஊரின் வீதிவிளக்கு பற்றியும் தீர்மானிக்க முடியாதவர். சிறு பிள்ளைகளின் தாய்மார் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் வந்தபோது, அது யாரைப் பாதித்ததோ அவர்களில் பலர் ஏற்கெனவே ரியாதில் இருந்தார்கள்.

9. சபை இல்லாத மாநகரம்

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியிடம் பணமில்லை என்று நின்றுபோனது. அதே மாதம் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் கைகூடியது. வட்டாரத் தேர்தல் வரை உலக நிதிச் சந்தையின் கை நீள்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கல்முனை மாநகர சபை அதில் இல்லை. வழக்கு காரணமாக விலக்கப்பட்டது. 2023 மார்ச்சில் கலைந்த சபையோடு தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களும் போனார்கள். அவர்களுள் ஒதுக்கீட்டில் வந்த பெண்களும் அடக்கம். சோலைவரி மட்டும் தொடர்ந்து கட்டப்படுகிறது.

சபை இல்லாத இடத்தில் எஞ்சியிருக்கும் கருவி, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதைப் பாவிக்கும் ஒருவர் முதல் விண்ணப்பத்தில் ‘ஏன் எங்கள் வடிகானைத் துப்புரவாக்கவில்லை’ என்று எழுதுவார். காரணம் கேட்டால் பதில் கிடைக்காது, இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம் என்று தெரிந்து, அடுத்த முறை ‘இந்த வருடம் இந்த வட்டாரத்தின் வடிகான் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவுப் பற்றுச்சீட்டின் பிரதியும்’ என்று எழுதுவார். 14 வேலை நாள் எண்ணிக் காத்திருப்பார். பிறகு மேன்முறையீடு. நல்ல படிப்பு இது. ஆனால் தகவல் கிடைத்த பின் அதைக் கொண்டுபோய் மேசையில் வைக்கச் சபை வேண்டுமே.

ஆகவே ஒப்பீட்டு ஆய்வுக்கு அரிய வாய்ப்பொன்று இன்று நம் கண்முன் இருக்கிறது. நிந்தவூர், அட்டாளைச்சேனை, சம்மாந்துறை பிரதேச சபைகளுக்கு 2025இல் தேர்தல் நடந்தது, கல்முனையில் நடக்கவில்லை. மொழி, பாடசாலைத் தரம், வளைகுடா வருமானம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், உறுப்பினரல்லாத ஊரவரையும் சபையின் குழுக்களில் சேர்க்க இடமளிக்கிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அருகில் வரக்கூடிய அமைப்பு அது. நிந்தவூரில் அப்படியொரு குழுவில், மீனவரும் காணிச் சொந்தக்காரப் பெண்ணும் இருந்து, கடலரிப்பு பற்றியோ குப்பை பற்றியோ வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியை மாற்றினார்களா என்று கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தேடலாம். இரண்டு மூன்று வருடத்தில் அங்கிருப்பவர்களின் பொது அறிவும் கல்முனையில் இருப்பவர்களின் பொது அறிவும் ஒரே அளவில் நின்றால், இக்கட்டுரையின் வாதம் தவறு.